ஒப்பந்தம் கைவிடப்பட்ட முற்றத்தில் ஒரு சொகுசு விடுதி

கொழும்பு 07, ரொஸ்மீட் பிளேஸ், 65ஆம் இலக்கம். உயர்ந்த மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே நிழல் விழும் முற்றம், அதற்கப்பால் தூண்கள் தாங்கிய விறாந்தை. இன்று இது 10 அறைத்தொகுதிகள் மட்டுமே கொண்ட ஒரு சொகுசு விடுதி. பெயர் டின்டாஜல். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள், வணிகர்கள், இராஜதந்திரிகள் வந்து தங்குகிறார்கள். இங்கு ஓர் இரவு தங்கும் செலவு வடக்கிலோ மலையகத்திலோ வாழும் சாதாரணக் குடும்பம் ஒன்றுக்குக் கட்டுப்படியாகாது.

ஆனால், இந்த வீட்டுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது. 1958 ஏப்ரல் 9ஆம் திகதி பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது இந்த வீட்டு முற்றத்தில்தான். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகவும் மேடைப் பேச்சில் ஒரு பெருமூச்சாகவும் நாம் கேட்டுப் பழகிய அந்தச் சம்பவத்துக்கு ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியில் இப்போது அறை எடுத்துத் தங்கலாம்.

வரலாற்றுப் புகழ் பெற்ற மாளிகைகள் விடுதிகளாக மாறுவது உலகெங்கும் நடப்பதுதான். இந்த வீடு எப்படி விடுதியானது, அதற்கு முன் அங்கே என்ன நடந்தது, அப்படியான இடங்களை நாம் எப்படிப் பார்க்க வேண்டும் என்பவற்றை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கறுவாத்தோட்டத்தின் வீடு

கொழும்பு 07ஐ இன்றும் கறுவாத்தோட்டம் என்று அழைக்கிறோம். ஒரு காலத்தில் உண்மையாகவே கறுவா பயிரிடப்பட்ட நிலம் அது. பிரித்தானியர் காலத்தில் அந்தத் தோட்டங்கள் துண்டு போடப்பட்டு, செல்வந்தர்களின் பெரிய வளவுகளாயின. வீதிகளுக்குப் பிரித்தானிய ஆளுநர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. வோர்ட் பிளேஸ், பார்ன்ஸ் பிளேஸ், ஹோர்ட்டன் பிளேஸ் எல்லாமே அப்படி வந்தவை. ரொஸ்மீட் என்பதும் 1865 முதல் 1872 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ஹெர்குலிஸ் ரொபின்சன் பின்னர் பெற்ற பிரபுப் பட்டத்தின் பெயர்.

65ஆம் இலக்க வீட்டை 1930இல் கட்டியவர் லூசியன் டி சில்வா என்ற பறங்கியர் சமூகத்து மருத்துவர். இங்கிலாந்தின் கோர்ன்வோல் கரையில், ஆர்தர் மன்னன் பற்றிய ஐதீகங்களோடு தொடர்புடைய கோட்டை ஒன்றின் பெயர் டின்டாஜல். அதையே தன் வீட்டுக்கு வைத்தார். 1940களில் இந்த வீடு சேர் சொலமன் டயஸ் பண்டாரநாயக்கவின் கைக்கு வந்தது. மகன் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் குடும்பத்துக்காக அவர் இதை வாங்கினார். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக இது அந்தக் குடும்பத்தின் வீடு.

அப்பா பிரதமர். அவருக்குப் பின் அம்மா, 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமர். மகள் சந்திரிகா 1994 முதல் 2005 வரை ஜனாதிபதி. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த மூவர் நாட்டை ஆண்டார்கள். இந்த நாட்டில் வேறெந்த வீட்டுக்கும் இப்படியொரு வரலாறு இல்லை.

1958 ஏப்ரல் 9

1956 ஜூன் 5ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, தமிழரசுக் கட்சியினர் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்து தாக்கப்பட்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் திருகோணமலையில் கூடிய கட்சி மாநாடு தனது கோரிக்கைகளை முன்வைத்து, ஓராண்டுக் காலக்கெடுவும் விதித்தது. கெடு முடிவதற்கு முன், 1957 ஜூலை 26ஆம் திகதி, பிரதமர் பண்டாரநாயக்கவும் எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

அந்த ஒப்பந்தம் தனிநாடு கொடுக்கவில்லை, சமஷ்டியும் கொடுக்கவில்லை. பிராந்திய சபைகளைத்தான் சொன்னது. வடமாகாணம் ஒரு பிராந்தியம். கிழக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிராந்தியங்கள். மாகாண எல்லை கடந்தும் அவை இணைந்துகொள்ளலாம். விவசாயம், காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், கடற்றொழில், வீதி போன்ற விடயங்களில் அந்தச் சபைகளுக்கு அதிகாரம். குடியேற்றத் திட்டங்களுக்கு ஆட்களைத் தெரிவு செய்வதும் அவற்றின் கையில். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். இவ்வளவுதான். 1957இல் இது குறைவு என்று சொன்ன தமிழர்களும் இருந்தார்கள். இன்று, மாகாண சபைகளுக்குக் காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் நாம், அந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. ஒக்டோபர் 4ஆம் திகதி ஜே.ஆர். ஜயவர்தன கண்டியை நோக்கிப் பாதயாத்திரை புறப்பட்டார். அது இம்புல்கொடவில் தடுத்து நிறுத்தப்பட்டது. 1958 மார்ச்சில், சிங்கள 'ஸ்ரீ' எழுத்து பொறித்த இலக்கத் தகடுகளோடு அரச பஸ்கள் வடக்குக்கு வந்தன. இங்கே சிங்கள எழுத்து அழிக்கப்பட்டது; தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் மீது தார் பூசப்பட்டது.

அந்தச் சூட்டில்தான் ஏப்ரல் 9 வந்தது. பெருந்தொகையான பிக்குகளும் அவர்களது ஆதரவாளர்களும் ரொஸ்மீட் பிளேஸ் வீட்டின் முன் வந்து அமர்ந்தார்கள். ஒப்பந்தத்தை விடும்வரை எழும்பமாட்டோம் என்றார்கள். பிரதமர் அன்றே பணிந்தார். வாய்மொழி உறுதி போதாது என்று அவர்கள் சொன்னபோது, ஒப்பந்தத்தைக் கைவிடுவதாக எழுத்திலும் கொடுத்தார். 'ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது' என்று எங்கள் வீடுகளில் சொல்லி வளர்த்த கதை இதுதான்.

ஒரு நாட்டின் பிரதமர் ஒரு மக்கள் கூட்டத்தின் தலைவருக்குக் கொடுத்த வாக்கு, நாடாளுமன்றத்திலோ நீதிமன்றத்திலோ அல்ல, வீட்டு முற்றத்தில் ஒரே நாளில் முடிந்தது. அன்று தொலைந்தது பிராந்திய சபை மட்டுமல்ல. பேசித் தீர்க்கலாம், கையெழுத்துக்கு மதிப்பு உண்டு என்ற நம்பிக்கைக்கும் அன்றுதான் முதல் வெட்டு விழுந்தது.

ஆறு வாரங்களில் நாடு பற்றி எரிந்தது. மே 22ஆம் திகதி பொலன்னறுவைப் பக்கம் தொடங்கிய வன்செயல் கொழும்புக்கும் பரவியது. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். மே 27ஆம் திகதிதான் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கொழும்பில் வீடிழந்த தமிழர்களுக்கு முகாமான இடங்களில் றோயல் கல்லூரியும் ஒன்று. ரொஸ்மீட் பிளேசிலிருந்து அது நடந்து போகும் தூரம். அங்கிருந்தவர்கள் கப்பல் ஏற்றப்பட்டு வடக்கே அனுப்பப்பட்டார்கள். எங்களில் பலருடைய பேரன் பேத்திமார் 'அம்பத்தெட்டு' என்று சொல்லும்போது அந்தக் கப்பலைத்தான் நினைப்பார்கள்.

1959 செப்டெம்பர் 25

அதே வீடு, பதினேழு மாதங்கள் கழித்து. காலையில் வழமைபோல் பிரதமர் விறாந்தையில் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். வந்திருந்தவர்களில் தல்துவே சோமாராம என்ற பிக்குவும் ஒருவர். பிரதமர் குனிந்து வணங்கியபோது, காவி உடைக்குள் இருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். மறுநாள் பிரதமர் இறந்தார். சதிக்குத் தலைமை தாங்கியவர் களனி விகாரையின் பிரதம பிக்கு மாப்பிட்டிகம புத்தரக்கித என்று நீதிமன்றம் கண்டது. 1956இல் பண்டாரநாயக்கவை ஆட்சிக்குக் கொண்டுவர முன்னின்று உழைத்தவர் அவர். சோமாராம 1962 ஜூலை 6ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். புத்தரக்கித சிறையிலேயே இறந்தார்.

இந்தக் கொலைக்குத் தமிழர் பிரச்சினை காரணமல்ல. கிடைக்காமல் போன வணிகச் சலுகைகளின் கோபமே வழக்கில் பேசப்பட்டது. ஆகவே, 'ஒப்பந்தத்தைக் கிழித்தவருக்குக் கிடைத்த தண்டனை' என்று இதைச் சொல்வது வரலாறும் அல்ல, நியாயமும் அல்ல. அந்த விறாந்தையில் ஒரு மனைவி கணவனை இழந்தாள், மூன்று பிள்ளைகள் தகப்பனை இழந்தார்கள். சந்திரிகாவுக்கு அப்போது 14 வயது. வீட்டு வாசலில் தகப்பனைப் பறிகொடுப்பது என்னவென்று எங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். மிரட்டிக் காரியம் சாதிக்கலாம் என்ற வழி ஒருமுறை திறந்துவிட்டால், அது ஓர் இனத்துக்கு எதிராக மட்டும் நிற்பதில்லை. முற்றம் வரை வந்த அது விறாந்தைக்கும் ஏறியது.

அதன் பின்னரும் அந்த வீட்டின் முடிவுகள் தமிழர் வாழ்வைத் தொட்டுக்கொண்டே இருந்தன. 1961இல் வடக்கு கிழக்கில் கச்சேரிகளை முடக்கிய சத்தியாக்கிரகத்தை இராணுவத்தைக் கொண்டு கலைத்தது சிறிமாவோவின் அரசு. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி அவர் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு கையெழுத்திட்ட ஒப்பந்தம், மலையக மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் பிரித்தது. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1972 அரசியலமைப்பும் அவர் காலத்ததே.

மகள் சமாதானத்தின் பெயரால் வந்தார். 1995 ஜனவரியில் போர்நிறுத்தம், ஏப்ரலில் மீண்டும் போர், ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் முழுப்பேரும் நாவற்குழிப் பாலம் கடந்து வெளியேறிய இரவு. அவரது அரசு கொண்டுவந்த அதிகாரப் பகிர்வு யோசனை 2000 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, எதிர்க்கட்சியினர் அதன் பிரதிகளைச் சபைக்குள்ளேயே எரித்தார்கள். தகப்பனின் முற்றத்தில் நடந்தது மகளுக்கு நாடாளுமன்றத்தில் நடந்தது.

வீடு விடுதியாவது எப்படி?

2000 ஒக்டோபர் 10ஆம் திகதி, தேர்தல் நாளன்று, சிறிமாவோ காலமானார். பிள்ளைகளுக்கு வேறு வீடுகள் இருந்தன. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில், 'பரடைஸ் றோட்' என்ற கொழும்பு நிறுவனம் வீட்டைக் குத்தகைக்கு எடுத்து விடுதியாக்கியது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் பழைய அலுவலகத்தை உணவகமாக மாற்றியதும் அதே நிறுவனம்தான்.

பழைய மாளிகைகளுக்கு உலகெங்கும் நேர்வது இதுதான். கட்டியவர் காலத்தில் சமையலுக்கு ஒருவர், தோட்டத்துக்கு இருவர், காருக்கு ஒருவர் என்று ஆட்கள் இருந்தார்கள். பிள்ளைகள் பிரிந்து போகிறார்கள். கூரை ஒழுகத் தொடங்குகிறது. பராமரிப்புச் செலவு வருமானத்தை விழுங்குகிறது. நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. அப்போது மூன்று வழிகள்: இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்புவது, அரசுக்கோ அறக்கட்டளைக்கோ கொடுத்து நூதனசாலை ஆக்குவது, அல்லது விடுதியாக்கி வீடே தன் செலவை உழைக்க விடுவது. கொழும்பில் முதலாவதே அதிகம் நடக்கிறது. மூன்றாவது நடந்தால் குறைந்தது வீடு மிஞ்சுகிறது. அந்த வகையில் டின்டாஜல் இடிபடாமல் நிற்பது நல்லதே.

ஆனால் விடுதிக்கு ஒரு தேவை உண்டு. புதிய ஹோட்டலில் கிடைக்கும் கட்டில், குளியலறை, நீச்சல் தடாகம் எல்லாம் இங்கும் இருக்கும். இங்கு மட்டுமே கிடைப்பது கதை. 'உலகின் முதல் பெண் பிரதமர் வாழ்ந்த வீடு' என்பதே விருந்தினர் கொடுக்கும் வாடகையின் ஒரு பகுதி. அதனால் கதையும் விருந்தினருக்கு ஏற்றபடி தெரிவு செய்யப்படுகிறது. அதிகாரம் கவர்ச்சியானது. கொலைகூட, நாட்கள் கடந்தால், ஒரு மர்மக் கதையின் சுவையோடு சொல்லப்படலாம். இந்த வீட்டைப் பற்றிய பயணக் கட்டுரைகளில் 1959 வருவது வழமை. 1958 வருவது அரிது. கிழிபட்ட ஒப்பந்தத்தில் விருந்தினரைக் கவர என்ன இருக்கிறது?

இது ஒரு விடுதி நிறுவனத்தின் குற்றம் அல்ல. வரலாறு கற்பிப்பது அவர்கள் தொழில் அல்ல. அந்தக் கதையைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

எந்த வீடு மிஞ்சுகிறது?

டின்டாஜலைப் பார்க்கும்போது எழும் கேள்வி பொறாமையின் கேள்வி அல்ல. ஒரு குடும்பத்தின் வீடு, அந்தக் குடும்பத்தின் உறுதியோடு, அவர்கள் சம்மதத்தோடு, குத்தகைக்குப் போயிருக்கிறது. அது அவர்களின் உரிமை. அதே உரிமை எங்களுக்கு எங்கே என்பதுதான் கேள்வி.

1958இல் அகதிக் கப்பல்கள் வந்தடைந்த கரை காங்கேசன்துறை. அந்தக் கரையில் இன்று 'தல்செவன' என்ற கடற்கரை விடுதி இருக்கிறது. நடத்துவது இராணுவம். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற்றப்பட்ட பின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த நிலப்பரப்பு அது. சொந்தக் காணிக்கு உறுதி வைத்திருந்தவர்கள் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் கிடந்த நாட்களில், தெற்கிலிருந்து உல்லாசமாக வந்தவர்கள் அங்கே கடற்காற்று வாங்கினார்கள். அதுவும் ஒருவகையில் 'வரலாற்றுச் சிறப்புள்ள இடத்தில் தங்குவது'தான்.

கோப்பாயில் மாவீரர் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் 2011இல் இராணுவத் தலைமையகம் எழுந்தது. புதுக்குடியிருப்பில் பிரபாகரனின் நிலக்கீழ் வீட்டைப் போருக்குப் பின் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டினார்கள். 2013 ஒக்டோபரில் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். ஒரு பக்கத்து வரலாற்று வீடு விருந்தினர் வரவேற்பறையாகிறது. இன்னொரு பக்கத்தது முதலில் காட்சிப் பொருளாகி, பிறகு தூளாகிறது.

இதே கேள்வி எங்கள் பக்கமும் திரும்பும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வீடுகளும் இருக்கின்றன. சோனகத் தெருவில் கூரையில்லாமல் நின்ற சுவர்களுக்கும் உறுதி வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. எங்கள் வீடுகளின் கதையைக் கேட்கச் சொல்லும் நாம், அந்த வீடுகளின் கதையையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஒரு பழைய மாளிகைக்குள் போனால்

புலம்பெயர்ந்த உறவுகள் விடுமுறைக்கு வரும்போது இப்படியான விடுதிகளில் தங்குகிறார்கள். எங்கள் பிள்ளைகள் பலர் சுற்றுலாத்துறையில் வழிகாட்டிகளாகவும் வரவேற்பாளர்களாகவும் வேலை செய்கிறார்கள். டின்டாஜல் என்றில்லை, எந்தப் பழைய மாளிகை விடுதிக்குள் போனாலும் நான்கு கேள்விகள் கேட்கலாம். இதை யார், எந்த வருமானத்தில் கட்டினார்கள்? யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, அவர்கள் விரும்பித்தான் கொடுத்தார்களா? இங்கே எடுக்கப்பட்ட எந்த முடிவு வெளியே யாருடைய வாழ்வை மாற்றியது? சுவரில் தொங்கும் படங்களில் இல்லாதவர் யார்?

அறை எடுக்க வசதியில்லாதவர்களுக்கு வீதி இருக்கிறது. ரொஸ்மீட் பிளேஸ் பொது வீதி, நடப்பதற்குக் கட்டணமில்லை. கொழும்பு மாநகர சபைக் கட்டடத்திலிருந்து தொடங்கலாம். 1999 டிசம்பர் 18ஆம் திகதி தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் சந்திரிகா ஒரு கண்ணை இழந்ததும், வேறு பலர் உயிரிழந்ததும் அங்கேதான். அங்கிருந்து ரொஸ்மீட் பிளேஸ். பிறகு றோயல் கல்லூரி. மூன்று இடங்களையும் ஒரே காலையில் நடந்து பார்த்துவிடலாம். வழியில் பிள்ளைகளுக்கு மூன்று திகதிகளைச் சொல்லலாம்: வீட்டு முற்றத்தில் வாக்கு மீறப்பட்ட நாள், அதே வீட்டு விறாந்தையில் துப்பாக்கி பேசிய நாள், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த வீட்டு மகள் மீது எங்கள் பக்கத்திலிருந்து குண்டு வந்த நாள். மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைக்குக் கதை விளங்கும். ஒன்றை மட்டும் சொன்னால் கோபம் மட்டும் மிஞ்சும்.

65ஆம் இலக்க வாயிற்கதவுக்கு முன் நிற்கும்போது உள்ளே முற்றம் எவ்வளவு தெரியும் என்பது கதவு திறந்திருப்பதைப் பொறுத்தது. தெரிந்தால், இதையும் சொல்லுங்கள்: 1957இல் கேட்டது பெரிதல்ல. மருதங்கேணியில் வீதி போடவும், மூதூரில் யாருக்குக் காணி என்று தீர்மானிக்கவும், கச்சேரியில் தமிழில் கடிதம் வாங்கவும் ஓர் உரிமை. அது கிடைத்திருந்தால் பின்னர் நடந்த எதுவுமே நடந்திருக்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அது கிடைக்காமல் போன இடம் இதுதான் என்று கைநீட்டிக் காட்ட முடியும்.